ஆப்பு வைத்த காது

என் கணவருக்கு ஊரில் ‘ஆப்பு’ என்று பெயர். கெட்ட அர்த்தத்தில் இல்லை. அவர் தச்சர், ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு முறை அசைத்துப் பார்ப்பார். ஆடினால் சட்டைப் பையிலிருந்து சின்ன மர ஆப்பு ஒன்றை எடுத்து, காலுக்கு அடியில் சொருகிவிட்டுத்தான் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்பார். எங்கள் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் பதிவாளரின் மேஜை லேசாக ஆடியது. மாப்பிள்ளையைக் காணோம் என்று எல்லோரும் தேடினால் ஆள் மேஜைக்கு அடியில் இருக்கிறார்.

பட்டறை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரு கதவு. மரவேலை அவருடையது, பெயின்ட் வேலை என்னுடையது. மெத்தை, உறை, தோல் தைப்பதெல்லாம் அவருடைய அக்கா. அதாவது என் நாத்தனார். அண்ணி எப்போதும் உதட்டில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டுதான் பேசுவார், அதனால் அவர் சொல்வதில் பாதி எனக்குப் புரியாது. என் கணவரோ முணுமுணுப்பவர். வாய்க்குள்ளேயே பேச ஆரம்பித்து வாய்க்குள்ளேயே முடித்துக்கொள்வார். இப்படி இரண்டு பேருக்கு நடுவில் குடித்தனம் பண்ணினால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு நன்றாகவே வந்தது.

அவர்கள் சொல்கிற கதை வேறு.

“மரம் அறுக்கிற மெஷின் அந்தக் கத்து கத்தும்போது நான் சொல்றது உனக்குக் கேக்குது. வீட்டுல பக்கத்துல உக்காந்து ‘தண்ணி குடு’ன்னா மட்டும் கேக்கலையா?” என்பார் என் கணவர்.

அதுவும் உண்மைதான். மெஷின் ஓடும்போது அவர் பேசுவது எனக்குப் பளிச்சென்று கேட்கும். மெஷினை நிறுத்தினால் மனிதர் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். இதில் என் தப்பு என்ன?

அண்ணி இதற்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தார்: காரியச் செவிடு. வேண்டியது கேட்கும், வேண்டாதது கேட்காது. இந்தப் பட்டத்தை மட்டும் அவர் குண்டூசியை எடுத்துவிட்டுச் சொல்வார். நானும் விடமாட்டேன், சண்டைக்குப் போவேன். ஆனால் என் சண்டையும் ஒரு சண்டையா என்று அவர் சிரிப்பார். “நீ சண்டை போடறியா, ரகசியம் சொல்றியா?” என்பார். எனக்கு என் குரல் தலைக்குள் கணீரென்று முழங்கும். இவர்களுக்குத்தான் காது மந்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது என் மகள் விஷயம். அவளுக்கு மூன்று வயது; வாண்டு என்று கூப்பிடுவோம். வாண்டு என்னை ‘அம்மா’ என்று கூப்பிட மாட்டாள். பசியா, “அத்தை!” தூக்கமா, “அத்தை!” என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால், பட்டறையில் கழித்துப்போட்ட மரக்கட்டை ஒன்றை எடுத்து என் மேல் எறிவாள். முதுகில் ‘டொக்’ என்று விழும். திரும்பினால் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். பெற்றவளைக் கட்டையால் கூப்பிடுகிற பிள்ளையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இது அண்ணி பழக்கிவிட்ட வேலை என்றே நம்பினேன். வெளியே கோபமாகத்தான் வந்தது. உள்ளே அழுகை.

வேடிக்கை என்னவென்றால், தோளில் தூக்கி வைத்துக்கொண்டால் இதே வாண்டு என் உச்சந்தலையில் தாடையை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஓயாமல் பேசுவாள். ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகக் கேட்கும். கீழே இறக்கிவிட்டால் மறுபடி கட்டைதான்.

இந்த நிலைமையில்தான் எங்களுக்குக் காது செய்கிற வேலை வந்தது. புதிதாகத் திறக்கப்போகிற அறிவியல் காட்சியகத்துக்கு, ஆள் உள்ளே நடந்துபோகிற அளவில் ஒரு காது வேண்டும் என்றார்கள். வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு காது டாக்டரம்மா பட்டறைக்கு வந்தார். குள்ளமாக, சுறுசுறுப்பாக இருந்தார். சாக்பீஸைக் கேட்டு வாங்கி, சாத்தி வைத்திருந்த பிளைவுட் பலகையிலேயே படம் போட ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு மெஷினை நிறுத்தவில்லை; அதனால் அவர் சொன்னது முழுக்க எனக்குக் கேட்டது.

“சத்தம்னா வேற ஒண்ணுமில்ல. காத்தோட ஆட்டம். வெளிக்காது அதைப் பிடிச்சுக் குழாய்க்குள்ள அனுப்புது. குழாயோட முடிவுல செவிப்பறை, மெல்லிசான தோல். காத்து ஆடினா தோலும் ஆடும். தோல்ல ஒரு எலும்பு ஒட்டிக்கிட்டிருக்கு, அதுக்குப் பேர் சுத்தி. தோல் ஆடினா சுத்தி ஆடும். சுத்தி ஆடினா அடுத்த எலும்பு பட்டடை ஆடும், கொல்லன் இரும்பை மேல வச்சு அடிப்பானே, அது மாதிரி. பட்டடை ஆடினா அங்கவடி ஆடும்.”

“அங்கவடின்னா?” என்றார் என் கணவர்.

“குதிரையில ஏறும்போது காலை வைக்கிற வளையம். அந்த எலும்பு அதே மாதிரி இருக்கும். உடம்புலயே சின்ன எலும்பு அதுதான். அதோட அடிப்பக்கம் ஒரு குட்டி ஜன்னல்ல உக்காந்திருக்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நத்தை மாதிரி ஒரு சுருள், அதுக்குள்ள தண்ணி. அங்கவடி முன்னும் பின்னும் ஆடினா தண்ணியில அலை வரும். தண்ணிக்குள்ள முடி முடியா இருக்கே, அது அசைஞ்சாத்தான் மூளைக்குச் சேதி போகும்.”

அவர் ‘ஆடும், ஆடும்’ என்று சொல்லச் சொல்ல என் கணவரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், “ஏன் டாக்டர், எங்கயுமே இறுக்கமா நிக்காதா?” என்று கேட்டார்.

“நின்னா போச்சு.”

“நடுவுல எதுக்கு மூணு எலும்பு? காத்து நேராப் போய்த் தண்ணியைத் தள்ளினா ஆகாதா?”

“காத்து தள்ளினா தண்ணி மசியாதுங்க. செவிப்பறை பெருசு, ஜன்னல் ரொம்பச் சின்னது. பெருசுல வாங்கின தள்ளலைச் சேர்த்து சின்னதுல குடுத்தாத்தான் தண்ணி அசையும்.”

இது அவருக்கு உடனே பிடிபட்டது. “ஆணி மாதிரி. தலை பெருசு, முனை சின்னது. தலையில விழுற அடி அவ்வளவும் முனையில இறங்குது” என்றார். டாக்டரம்மா அவரை மெச்சினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

வேலை மும்முரமாக நடந்தது. வாசலில் நான் வார்த்து வண்ணம் அடித்த காது மடல், என் உயரத்துக்கு. அதன் நடுவில் ஒரு தோல்தட்டு. வருகிறவர்கள் அதைக் கையால் தட்டினால் குழாய்க்குள் காற்று அதிர்ந்து ஓடும். குழாயின் முடிவில் அண்ணி இழுத்துக் கட்டிய செவிப்பறை. அண்ணி மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தத் தோலைக் குறை சொல்ல முடியாது, விரல் நுனி பட்டாலே சிலிர்க்கும். அதற்குப் பின்னால் என் கணவர் இழைத்த மூன்று எலும்புகள். கடைசியில் மரச்சட்டத்துக்குள் கண்ணாடித் தொட்டி, அதில் நீலத் தண்ணீர், தண்ணீருக்குள் வரிசையாக நட்டு வைத்த பிரஷ் முடிகள். முடிகளின் நுனிக்குச் சிவப்பு அடித்தவள் நான்.

டாக்டரம்மாவும் காட்சியகப் பொறுப்பாளரும் பார்க்க வருவதற்கு முந்தைய நாள் வீட்டில் பெரிய சண்டை. வாண்டு குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து அழுதிருக்கிறாள். அடுத்த அறையில் இருந்த நான் போகவில்லையாம். அண்ணிதான் பட்டறையிலிருந்து ஓடிவந்து தூக்கியிருக்கிறார்.

“பெத்த குழந்தை அலறுது, அது காதுல விழாம ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்கா” என்றார் அண்ணி. குண்டூசி இல்லாமல், நேராக என் முகத்தைப் பார்த்து.

“அழவே இல்ல அண்ணி! அழுதா நான் வரமாட்டேனா?”

என் கணவர் எங்கள் நடுவில் வந்து நின்றார். பிறகு சொன்னார்: “என் பேச்சைக் காதுல வாங்காட்டி போ. குழந்தை கூப்பிட்டாக்கூட வாங்க மாட்டியா நீ?”

இதை அவர் முணுமுணுக்கவில்லை, கத்தினார். அதனால் எனக்கு முழுக்கக் கேட்டது. வாண்டு அத்தையின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். இனிமேல் குழந்தை என்னிடம் வரவே வராது என்று எனக்குத் தோன்றியது. போய்ப் பட்டறையின் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய பிரஷையே மறுபடி கழுவினேன்.

சண்டை போட்டால் என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. அன்று பட்டறையில், எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அவர் கண்ணில் பட்டது அங்கவடி. தொட்டிச் சுவரில் இருந்த குட்டி ஜன்னலில் அண்ணி வைத்துத் தைத்த மெத்தென்ற தோல் வளையத்துக்குள் அது லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் அந்தக் கோபத்தில் காற்றோடு போய்விட்டது. நாலு ஆப்பை எடுத்தார், பசை தடவினார், நாலு பக்கமும் சொருகி ‘டக் டக்’ என்று தட்டிவிட்டார். அசைத்துப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்திருக்கும்.

அப்புறம் கடைசிப் பூச்சுக்கு நான் போனேன். அங்கவடியைச் சுற்றி இடுக்கும் பிசிறுமாக ஏதோ இருந்தது. இது யார் செய்த அரைகுறை வேலை என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே மாவு வைத்து அடைத்து, தேய்த்து, எலும்பு நிறத்தில் ஒரே வழவழப்பாகப் பூசிவிட்டேன். ஒட்டு தெரியாமல் மறைப்பதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். மரியாதைக்காக எல்லா மெஷினையும் நிறுத்தினோம். பொறுப்பாளர் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்து தோல்தட்டை ஒரு தட்டு தட்டினார். குழாய் அதிர்ந்தது. செவிப்பறை சிலிர்த்தது. சுத்தி ஒரு துள்ளு துள்ளப் பார்த்தது. பட்டடை ஏதோ முயற்சி பண்ணியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி அப்படியே நின்றது.

“இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டுங்க சார்” என்று என் கணவர் சொல்லியிருக்க வேண்டும், அவர் உதடு அசைந்தது. பொறுப்பாளர் இரண்டு கையாலும் அறைந்தார். ஒன்றும் இல்லை. கோட்டைக் கழற்றிவிட்டு அறைந்தார். ஒரு முடிகூட அசையவில்லை. என் கணவரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. கூலியெல்லாம் அப்புறம், செய்த பொருள் வேலை செய்யவில்லை என்றால் அவர் ஒரு வாரத்துக்குச் சாப்பிட மாட்டார்.

நான் தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கட்டை பறந்து வந்தது. வாண்டுவின் குறி தப்பியதை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். கட்டை என் தோளை உரசிக்கொண்டு போய்த் தொட்டியின் மரச்சட்டத்தில் ‘டங்’ என்று அடித்தது. அவ்வளவுதான், நீலத் தண்ணீரில் அலை ஓடியது! சிவப்பு நுனி முடிகள் எல்லாம் வரிசையாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

டாக்டரம்மா கைதட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் என்னென்னவோ பேசினார்கள். பட்டறை அமைதியாக இருந்ததால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரே முணுமுணுக்கிறது என்று எண்ணிக்கொண்டு நான் துணியால் சட்டத்தைத் துடைத்தேன். அப்போது நடந்த பேச்சைப் பின்னால் அண்ணி எனக்கு நடித்தே காட்டினார்.

டாக்டரம்மா டார்ச் அடித்து அங்கவடியை விரலால் தள்ளிப் பார்த்தாராம். “யாருங்க இதை இப்படி இறுக்கினது? இந்தக் காதுக்கு வியாதி வந்திருக்கு!”

“நான்தான் டாக்டர். ஆடிச்சு. மனசு கேக்கலை.”

“நிஜமாவே இப்படி ஒரு வியாதி இருக்குங்க. அங்கவடி ஜன்னலோட சேர்ந்து இறுகிப்போயிடும். காத்து வழியா வர்ற சத்தம் அங்கயே நின்னுடும். ஆனா எலும்பு வழியா வர்றது கேக்கும். இப்பப் பாருங்க, தட்டில தட்டினா ஒண்ணுமில்ல, கட்டையால சட்டத்தில அடிச்சா அலை வருதே, அதே மாதிரி. பெண்களுக்குத்தான் அதிகம் வரும். குழந்தை பிறந்த பிறகு கூடினதாச் சொல்றவங்களும் உண்டு. தன் குரல் தனக்குப் பெருசாக் கேக்குறதால மெதுவாப் பேசுவாங்க. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது, நீங்க பெயின்ட் அடிச்சு மறைச்ச மாதிரி.”

என் கணவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தாராம். பிறகு, “டாக்டர்... மெஷின் ஓடும்போது மட்டும் அவங்களுக்குப் பேச்சு நல்லாக் கேக்குமா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஆமா! இரைச்சல்ல எல்லாரும் கத்திப் பேசுவாங்க, இரைச்சல் அவங்களை அவ்வளவா மறைக்காது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் நிமிர்ந்து பார்த்தபோது எல்லா முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“என்ன? மூக்குல பெயின்டா?” என்றேன். எனக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டரம்மா பையிலிருந்து, தட்டினால் ரீங்கரிக்கிற, எஃகில் செய்த இரட்டைக்கால் கவை ஒன்றை எடுத்தார். முழங்காலில் தட்டி என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஏதோ தூரத்தில் ஒரு கொசு. பிறகு அதன் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். தலைக்குள் கணீரென்று ஒரு மணி அடித்தது. நான் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு காதுக்கும் அதே கதைதான். உள்ளே அங்கவடி இறுகியிருக்கும்போல என்று டாக்டரம்மா எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

“இத்தனை நாளா இவ காதுல ஆப்பு இருந்திருக்கு. நான் இவளைப் போய்...” என்று என் கணவர் உரக்கச் சொன்னார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அதைக் கேட்க வாய் வரவில்லை. அண்ணி கேட்காமலே பதில் சொன்னார். என் பக்கத்தில் வந்து, குண்டூசியைத் துப்பிவிட்டு, காதுக்குப் பின்னால் எலும்பிலேயே வாயை வைத்துச் சொன்னார்: “அவ உன்னைத்தான்டி முதல்ல கூப்பிடுவா. அம்மா, அம்மா, அம்மான்னு மூணு தடவை. நீ திரும்பலைன்னாத்தான் கட்டை. எத்தனையோ நாள் நான் பாத்திருக்கேன். உனக்குத் திமிருன்னு நெனைச்சேன். என்னை மன்னிச்சிடு.”

நான் பட்டறைத் தரையில், மரத்தூளில், உட்கார்ந்து அழுதேன். அண்ணியும் உட்கார்ந்து அழுதார். பொறுப்பாளர் என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா மருத்துவமனைக்கு வரச் சொன்னார். பரிசோதனையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காதில் இறுகின அங்கவடியின் மேல்பாதியை எடுத்துவிட்டு, அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு பிஸ்டன் வைக்கலாம், அது சரியாக வந்தால் அடுத்ததைப் பிறகு பார்க்கலாம் என்றார். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் இருக்குமென்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். என் கணவர் கைகட்டிக்கொண்டு கேட்டார்.

“அந்தப் பிஸ்டன் ஆடுமா டாக்டர்?”

“ஆடும்.”

“நல்லா ஆடுமா?”

ஒரு பொருள் ஆட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து பெரிய காதிலிருந்து நாலு ஆப்பையும் உளியால் செதுக்கி எடுத்தார். அண்ணி புதிதாகத் தோல் வளையம் தைத்தார். தோல்தட்டைத் தட்டினால் இப்போது தண்ணீர் குதியாட்டம் போடுகிறது.

அறுவைச் சிகிச்சை நடந்து, காதுக்குள் அடைத்திருந்த பஞ்சை எடுத்த அன்று, உலகத்துக்கு இவ்வளவு வாயா என்றிருந்தது எனக்கு. காகிதத்தை மடித்தால் சத்தம். குழாயைத் திறந்தால் சத்தம். அண்ணி குண்டூசிக்கு நடுவில் என் சமையலைப் பற்றி என்னென்ன சொல்கிறார் என்பதும் தெரியவந்தது. இப்போது அவர் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறார். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் கணவர் நிஜமாகவே முணுமுணுப்பவர்தான். அதில் மட்டும் நான் சொன்னதே சரி.

ஒரு சாயங்காலம். மெஷின் ஓடவில்லை. நான் ஒரு நாற்காலிக் காலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால், கட்டைகள் கிடக்கும் மூலையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. எதிர்பார்ப்பே இல்லாத குரல், வழக்கத்துக்காகக் கூப்பிடுகிற குரல்.

“அம்மா.”

“என்னம்மா?” என்று திரும்பினேன்.

வாண்டுவின் கை கட்டைக்குப் பாதி வழி போயிருந்தது. அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்துபோய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“அம்மா.” இந்த முறை இன்னும் மெதுவாக.

“என்ன?”

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், வெறும் மூச்சிலேயே, “அம்மா.”

“கேக்குதுடி. என்ன வேணும் உனக்கு?”

கதவுக்குப் பின்னாலிருந்து தலை மட்டும் எட்டிப்பார்த்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“ஒண்ணும் வேணாம்” என்றாள். “அம்மா.”